பூஸ்டரும் தலைவலி மாத்திரையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை குறைவு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்தில், கடலூர்ப் பக்கம், மருந்து ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். நான் போடும் சத்தம் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று வாட்ச்மேன் சொல்லிச் சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அது குறையவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆகவே, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, இதில் எங்காவது நான் திட்டுவதுபோல் இருந்தால் அது உங்களை இல்லை. பெரும்பாலும் இல்லை.

மாத்திரை எண்ணுவதும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும். அதை விட்டுவிடுகிறேன். இன்னொரு மருந்துக்குத் துணையாகக் கொடுக்கும் பூஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது பெரும்பாலானவர்களுக்கு பூஸ்டர் தேவைப்படாத ஒரே மாத்திரை வந்துவிட்டது. பூஸ்டர் போடுகிறவர்கள் உங்கள் ஜன்னலுக்கு எப்போதாவதுதான் வருவார்கள். அதுதான் எனக்குப் பயம். எப்போதாவது வருவதை நாம் மறந்துபோவோம்.

முதலில் கொடுத்த மருந்து பலிக்காமல் போனவர்களுக்கு அடுத்த வரிசை மருந்து தருகிறோம் இல்லையா, அதில் அட்டாசனவிர் என்று ஒன்று. தனியாகக் கொடுத்தால் கல்லீரல் அதை மளமளவென்று உடைத்து வெளியே தள்ளிவிடும். அதனால்தான் கூடவே கொஞ்சம் ரிட்டோனவிர், அதுதான் பூஸ்டர். இந்தக் கொஞ்சம் ரிட்டோனவிர் கிருமியோடு சண்டை போட வரவில்லை. கல்லீரலின் கையைப் பிடித்து வைக்க வருகிறது. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையில் துணியை அடைத்தால் தண்ணீர் தேங்கும். நமக்கு வேண்டிய தண்ணீர் தேங்குவது நல்லதுதான். ஆனால் எந்தத் தண்ணீரைத் தேக்குகிறோம் என்று துணிக்குத் தெரியாது. வேறு யாராவது வந்து வேறு எதையாவது ஊற்றினால் அதுவும் அங்கேயே நிற்கும்.

பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆஸ்துமா. ஸ்டீராய்டு கலந்த ஸ்ப்ரே ஒன்றை வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இவர் பூஸ்டர் போடுவது அந்த டாக்டருக்குத் தெரியாது. இவர் ஸ்ப்ரே இழுப்பது எங்களுக்குத் தெரியாது. ஸ்ப்ரேயில் போகிற துளி ஸ்டீராய்டு உடம்பில் தேங்கித் தேங்கி, முகம் பூரிபோல உப்பிவிட்டது. அவர் மனைவிக்கோ ஒரே பெருமை.

"பாருங்க மேடம், உங்க மாத்திர நல்லா புடிச்சிக்கிச்சு. மாமா எப்படித் தேறிட்டாரு!"

தேறவில்லையம்மா, வீங்கியிருக்கிறார். "ஏன்யா, ஸ்ப்ரே இழுக்கறத என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"நீங்க வேற மாத்திர சாப்பிடறியான்னுதான கேட்டீங்க? இது காத்துதான மேடம்" என்றார் அவர், பாவம்போல.

அவர் சொன்னதில் என்ன தப்பு? அதற்குப் பிறகு நான் மாத்திரை என்ற ஒரு வார்த்தையோடு கேள்வியை முடிப்பதில்லை. ஸ்ப்ரே உண்டா, மூக்கில் அடிப்பது உண்டா, மூட்டில் ஊசி போட்டார்களா, தலைவலிக்கு, வயிற்றெரிச்சலுக்குக் கடையில் என்ன வாங்குகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். அவருக்கு வந்த ஆபத்து மெதுவாக வந்தது, சரிசெய்ய நேரம் கொடுத்தது. நேரமே கொடுக்காத ஒன்றைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்தேன்.

அதற்கு முன்னால் எங்கள் வழக்கம் ஒன்று. டப்பாவை வாங்கியதும் நம் ஆட்கள் முதல் வேலையாக லேபிளைக் கிழிப்பார்கள். எங்கள் குப்பைக்கூடையில் லேபிள்தான் ஜாஸ்தி. பஸ்ஸில் டப்பா கலகலவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று உள்ளே பஞ்சை அடைப்பார்கள். 'இது என்ன மாத்திரை' என்று வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு நோய் வேண்டும். அதையும் கவுன்சிலரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு, ஒருவருக்கு ரத்தசோகை, ஒருவருக்கு தைராய்டு. மாத்திரை வாங்க வராவிட்டால் போன் செய்ய வேண்டுமே, அதற்கும் ஒரு வேஷம். ஒருத்திக்கு நான் பிளவுஸ் தைக்கிற அக்கா. இன்னொருத்திக்கு நான் சீட்டுப் பிடிக்கிற அம்மா. போனை வேறு யார் எடுத்தாலும் அந்த வேஷத்திலேயே பேசி வைக்க வேண்டும். இதை யாரும் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. இந்த ஊரில் இந்த நோயோடு நிம்மதியாக இருக்க அவர்களுக்கு இது தேவைப்பட்டது, நாங்கள் செய்து கொடுத்தோம்.

அப்படி வேஷம் கட்டிப் பேச வேண்டியவர்களில் ஒருத்தி வள்ளி. அவள் நிஜப் பெயர் அது இல்லை, நான் வைத்தது. பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊர். கணவர் இறந்துவிட்டார். கணவரின் அக்கா தனமும் இவளும் ஒரே வீடு. இரண்டு பேரும் சேர்ந்து மீன் எடுத்து, உப்புப் போட்டுக் காயவைத்து, கருவாடு விற்றார்கள். மாத்திரையைச் சிதம்பரத்திலேயே வாங்கியிருக்கலாம், அவளுக்குப் பக்கம். ஆனால் சிதம்பரத்தில் பாதிப் பேர் அவளுடைய வாடிக்கைக்காரர்கள். அதனால் கடலூர் வரைக்கும் பஸ் ஏறி வருவாள். வீட்டில் அவளுக்கு தைராய்டு. நான் அவளிடம் கருவாடு வாங்குகிற கடலூர் அக்கா.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. ஆனாலும் வேஷம் போட்டால் ஒழுங்காகப் போட வேண்டாமா? வரும்போதெல்லாம் அவளிடம் நெத்திலிக் கருவாடு வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவேன். அடுத்த முறை வரும்போது, "கொழம்பு எப்படிக்கா இருந்திச்சி?" என்று கண்ணைச் சிமிட்டுவாள். "பிரமாதம், போடி" என்பேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஜன்னலில் எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்பார்கள். எல்லாரையும் ஒரே மாதிரி பார்க்க நான் என்ன கேமராவா?

அவளுக்கு முதல் வரிசை மருந்து பலிக்காமல் போய், பூஸ்டர் மருந்துக்கு மாற்றியிருந்தோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாள் தவறாமல் வருகிறவள் ஒரு மாதம் வரவில்லை. போன் செய்தேன். வேறு குரல்.

"நான் கடலூர்லேர்ந்து பேசறேன், கருவாடு வாங்குற அக்கா. வள்ளி இல்லையா?"

"கருவாடுதான் இப்ப கேடு!" என்று சீறினாள் அந்தப் பக்கம். அது தனம். உடனே குரல் உடைந்துவிட்டது. "அவ ஆஸ்பத்திரில கெடக்குறாம்மா. சிதம்பரத்துல. வெரல்லாம் நீலம் பாரிச்சிப் போச்சி. ஐஸ்பொட்டியில வச்ச மாரி சில்லுனு இருக்கு. கைக்கு ரத்தமே ஓடலயாம். இன்னிக்கே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோயி ஆப்ரேஷன் பண்ணணுமாம். கேக்கலன்னா வெரல எடுக்கணும்னு சொல்றாங்க."

"கீழ விழுந்தாளா? அடிகிடி பட்டிச்சா?"

"ஒண்ணுமில்லம்மா. ஒத்தத் தலவலி தலவலின்னு துடிச்சா. மாத்திர போட்டா. தலவலி நின்னுச்சி, அப்பாடான்னு இருந்தோம். அப்பறம் பாத்தா கை மரத்துப்போவுது, எரியுதுங்கறா."

"என்ன மாத்திரை?"

கருவாடு வாங்குகிறவள் கேட்கிற கேள்வியா இது! வாயிலிருந்து வந்துவிட்டது. "எனக்கும் ஒத்தத் தலவலி வரும், அதான்" என்று சமாளித்தேன். தனம் சந்தேகப்படவில்லை. அட்டை பையில்தான் கிடக்கிறது என்று எடுத்து, எழுத்துக் கூட்டிப் பெயரைப் படித்தாள்.

எர்கோட்டமின் கலந்த தலைவலி மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, ஆனால் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற கடைகள் உண்டு. ரத்தக் குழாய்களைச் சுருக்கி வலியை நிறுத்தும். மற்றவர்கள் ஒன்றிரண்டு போட்டால் கல்லீரல் அதை உடைத்துத் தள்ளிவிடும். பூஸ்டர் போடுகிறவள் உடம்பில் அதற்கு வெளியே போக வழி கிடையாது. தேங்கும். கையிலும் காலிலும் இருக்கிற குழாயெல்லாம் இறுகி மூடிக்கொள்ளும். விரல் கருக்கும். அதற்குமேல் சொல்ல எனக்கு இப்போதும் மனம் வரவில்லை.

எங்கள் மெடிக்கல் ஆபீசரிடம் ஓடினேன். என் மூத்த பையனைவிடச் சின்னவர், ஆனால் நிதானமானவர். கேட்டதும் அவருக்கும் முகம் மாறிவிட்டது. "நீங்க உடனே கெளம்புங்க மேடம், நான் போன்லயே இருக்கேன்" என்றார். வாசல் வரை வந்து, "வள்ளி சம்மதம் சொல்லாம அவுங்களுக்கு எச்.ஐ.வி.ன்னு யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. சட்டம். உங்க வாயத்தான் சொல்றேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் வாயை அறிந்தவர், சரியாகத்தான் சொன்னார்.

சிதம்பரம் பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. பு.முட்லூரில் டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனபோது நான் சத்தம் போட்டதில் கண்டக்டர், "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "என் தங்கச்சிக்கு" என்றேன். அந்த நேரத்தில் அது பொய்யாகத் தோன்றவில்லை.

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வார்டு வாசலிலேயே அவளைப் பார்க்கிற டாக்டர் வந்துகொண்டிருந்தார். சொந்தக்காரி என்று சொல்லிக்கொண்டு, எதையும் உடைக்காமல், "சார், அந்தத் தலவலி மாத்திரையால இப்படி ஆயிருக்குமோ?" என்றேன். பாதி உண்மையிலேயே வேலை முடிந்துவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அவர் எரிந்து விழவில்லை. நின்று பதில் சொன்னார். "அத நானும் யோசிச்சேம்மா. ஆனா அவங்க போட்டது கொஞ்சம். அந்த அளவுக்கு இப்படி ஆவாது. வேற எந்த மருந்தாவது கூட சேந்தா ஆகும். அதனாலதான் வேற என்ன சாப்பிடறீங்கன்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். தைராய்டு மாத்திர மட்டும்தான்னாங்க. தலவலி மாத்திரய நிறுத்திட்டோம். ஆனா உள்ள எங்கயோ அடைப்பு இருக்கணும், இனிமே காத்திருக்க முடியாது. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு."

அவர் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தார். தப்பான பதில்தான் போயிருந்தது. அந்தப் பதில் எங்கள் மையத்தில், எங்கள் மேஜையில் தயாரானது. அவளைக் காப்பாற்றத் தயாரானது. அதுவே இப்போது அவள் விரலைக் கேட்கிறது.

உள்ளே போனேன். தனம் கட்டிலோரம் உட்கார்ந்து வள்ளியின் இரண்டு கையையும் தன் கைக்குள் பொத்தி, வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். கட்டுமஸ்தான உடம்பு, உப்பு அரித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. என்னைப் பார்த்ததும் வள்ளியின் கண் விரிந்தது.

"கருவாட்டு அக்காவா? இவ்ளோ தூரம் வந்தியாம்மா?" என்றாள் தனம். அவளைக் காபி வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். வள்ளியின் கையைத் தொட்டுப் பார்த்தேன். மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. விரல் நுனிகள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. குனிந்து, விஷயத்தைச் சொன்னேன். பூஸ்டர், தலைவலி மாத்திரை, இரண்டும் சேர்ந்ததால் வந்தது. டாக்டருக்கு இது தெரிந்தால் உனக்குச் செய்யவேண்டிய வைத்தியமே வேறு. சொல்லட்டுமா?

"வேணாங்க்கா."

"என்னது?"

"கை போனாப் போவட்டும். சொல்லாதீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? கை போனா எதுல கருவாடு பொறுக்குவ? எதுல சோறு திம்ப?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டும் கத்தலாம், எனக்கு வரும்.

அவள் அழவில்லை. "அவுரு மஞ்சக்காமாலைல செத்தாருன்னுதான் அண்ணி நெனச்சிக்கிட்டு இருக்கு. தம்பி தம்பின்னு இன்னிக்கும் படத்துக்குப் பூ வாங்கிப் போடுது. இது தெரிஞ்சா அவுரு பேரும் போயிடும்க்கா. என்னையும் தொடாது. அந்த வூட்ட வுட்டா எனக்கு எங்க போறது?"

டாக்டரின் அறை எதிரேதான். கதவு திறந்திருந்தது. போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கை பிழைக்கும். என் கால் அந்தப் பக்கம் திரும்பியும் விட்டது. பிள்ளைகளே, இந்த இடத்தில் என்ன செய்வது என்று எந்தப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. சட்டம் சம்மதம் கேள் என்கிறது, சரி. சட்டத்தை விடுங்கள். நான் அவளைக் கேட்காமல் சொன்னால் அவள் கை பிழைத்து, மாத்திரைக்கு மறுபடி எங்கள் ஜன்னலுக்கு வர மாட்டாள். மாத்திரை இல்லாமல் கை இருந்து என்ன பயன்? அவளைப் பார்த்து, வந்துகொண்டிருக்கிற மற்றவர்களும் நின்றுபோவார்கள். ஆனால் சும்மா நின்றால், ஆம்புலன்ஸ் வந்துவிடும்.

நல்லவேளை, மூச்சு வாங்கியதில் கோபம் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் 'சொல்லட்டுமா' என்றுதான் கேட்டேன். யாரிடம் என்று கேட்கவில்லை. அவள் காதில் 'சொல்லட்டுமா' என்பது ஊருக்கே சொல்லட்டுமா என்று விழுகிறது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதே, யாரிடமும் சொல்லாதே என்று பழக்கியிருக்கிறோம். அதில் டாக்டரும் சேர்ந்துபோயிருந்தார்.

கட்டிலில் உட்கார்ந்தேன். குரலை இறக்கினேன். "வள்ளி, யாருக்குத் தெரியக் கூடாது?"

"அண்ணிக்கு."

"அண்ணிக்கு நான் சொல்ல மாட்டேன். சத்தியமா. அந்த டாக்டருக்கு உன் ஊர் தெரியுமா, உன் சனம் தெரியுமா? அவருக்கு மட்டும். கதவச் சாத்திக்கிட்டு. நானும் சொல்லல, உன் வாயால நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

எனக்கு வாசலையே பார்க்கத் தோன்றியது, தனம் வந்துவிடுவாளோ, ஆம்புலன்ஸ் வந்துவிடுமோ என்று. கடைசியில், "கட்டில் போர்டுல எழுத மாட்டாங்களே?" என்று கேட்டாள்.

"எழுதினா நான் அழிப்பேன்" என்றேன். அந்த நிலைமையிலும் அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது.

டாக்டரைக் கூப்பிட்டு வந்தேன். பக்கத்துக் கட்டில்கள் அன்றைக்குக் காலி. கதவைச் சாத்தி, நர்ஸை வெளியே நிற்கச் சொன்னார். வள்ளி அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து, "சார், எனக்கு தைராய்டு இல்ல. நான் எச்.ஐ.வி. மாத்திர சாப்பிடறேன்" என்றாள். மாத்திரையின் பெயரை நான் சொன்னேன்.

"ரிட்டோனவிர் கூடவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "அம்மா, நீ சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்று வள்ளியிடம் சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அவரைக் கும்பிடலாம்போல் இருந்தது. கட்டிலில் தொங்கிய அட்டையில் ஒன்றும் எழுதாமல், தன்னிடமிருந்த ஃபைலில் எழுதிக்கொண்டார். எங்கள் மெடிக்கல் ஆபீசரிடம் என் போனிலேயே பேசினார். பூஸ்டர் மருந்தைச் சில நாள் நிறுத்திவைப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். குழாயை விரியவைக்கிற மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள்.

நான் ஊர் திரும்பக் கிளம்பும்போது மறுபடி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். எங்கோ ஆழத்தில் மெலிதாக ஒரு துடிப்பு. என் துடிப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு நர்ஸையும் பார்க்கச் சொன்னேன். அவள்தான், அவளுடையதுதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். வெட்கமாக இல்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பூஸ்டருக்கு எந்த மருந்து ஆகாது என்பது இல்லை. அது உங்கள் போனிலேயே வந்துவிடும். மறைக்கச் சொல்லிக்கொடுக்கும்போதே, யாரிடம் மறைக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிக்கொடுங்கள். உனக்கு வைத்தியம் பார்க்கிறவர் யாராக இருந்தாலும், பல் பிடுங்குகிறவராக இருந்தாலும், அவரிடம் சொல்லலாம் என்று சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று ஜன்னலிலேயே ஒரு தரம் சொல்லவைத்துப் பாருங்கள். முதல் தரம் அந்த வார்த்தை யாருக்கும் வாயில் வராது. ஆபத்து நேரத்தில் முதல் தரம் சொல்லவேண்டி வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தீர்கள் அல்லவா? இன்னொன்று, யாராவது 'வேண்டாம்' என்று சொன்னால் கோபப்படாதீர்கள். நான் சொல்கிறேன் பாருங்கள், கோபப்படாதீர்கள் என்று! சரி, பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கோபம் இறங்கியதும், எதற்கு வேண்டாம் என்கிறாள் என்று கேளுங்கள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். வள்ளிக்கு நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், கையும் பிழைத்துவிட்டது என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சில நாள் கழித்து மறுபடி சிதம்பரம் போனேன். விரல்களில் நிறம் திரும்பியிருந்தது. இடது சுண்டுவிரல் நுனி மட்டும் கறுத்தே நின்றுவிட்டது, அது போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிறுத்திவைத்த பூஸ்டர் மருந்தை மறுபடி தொடங்கச் சொல்லியிருந்தார் எங்கள் மெடிக்கல் ஆபீசர். அவளுக்கு வேறு மருந்துக்கு அதிகம் வழியில்லை. அதாவது, அந்தத் துணி இனிமேலும் தொட்டியில் அடைத்தபடியேதான் இருக்கும். வீட்டுக்குப் போய் மறுபடி தலை வலித்தால்?

தனம் அதே இடத்தில் உட்கார்ந்து, வள்ளியின் கையை மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. நான் உட்காரும் வரைகூடப் பொறுக்கவில்லை.

"அந்தத் தலவலி மாத்திரையாலதான் ஆச்சின்னு நர்ஸ் பேசிக்கிறாங்க. நெசமாம்மா?"

என்ன சொல்வது? ஆமாம் என்றால் பாதி பொய். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். "அப்படியும் சொல்றாங்க" என்று மென்று விழுங்கினேன்.

தனம் தன் தலையில் ஓங்கி அடித்துக்கொண்டாள். "நான்தாம்மா வாங்கியாந்தேன். இவ வேணாம் வேணாம்னா. நான்தான் மெடிக்கலுக்குப் போயி, நல்ல மாத்திரையா குடுய்யான்னு கேட்டு வாங்கியாந்தேன். கேட்டிச்சேன்னு ரெண்டாவது அட்டையும் நான்தான் வாங்கினேன். எந்தம்பி பொண்டாட்டி கைய நானே எடுக்கப் பாத்துட்டனே! அவன் இருந்தா என்னைய என்னா கேப்பான்?"

நான் வள்ளியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே அவளை வற்புறுத்துவதாகும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. அது தனத்தின் அழுகை.

"அண்ணி." வள்ளியின் குரல். "ஓம்மேல தப்பு இல்ல. அந்த மாத்திர மத்தவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. நான் சாப்பிடற மாத்திரையோட அது சேரக் கூடாது. எனக்குத் தைராய்டு இல்ல அண்ணி."

பிறகு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், அந்த வார்த்தையைச் சொன்னாள். அதோடு நிறுத்தவும் இல்லை. "அவுருக்கும் அதான்" என்றாள்.

தனம் வள்ளியின் கையை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். எழுந்தாள். எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

"போயிடிச்சி பாத்தீங்களாக்கா" என்றாள் வள்ளி. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு எப்போதும் வராது. தலையைத் தடவிக் கொடுத்தேன். விரலைக் காப்பாற்ற வாயைத் திறக்க மாட்டேன் என்றவள், நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்க்கப் பொறுக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளே. வீட்டை விட்டுத் துரத்தினால் எங்கே தங்கவைப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

தனம் திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. வள்ளிக்கு எதிரே நின்றாள்.

"எந்தம்பிக்குத் தெரியுமா, அவனுக்கு இருந்தது?"

"கடைசியிலதான் தெரிஞ்சிது அண்ணி. அப்ப ஒண்ணும் பண்ண முடியல."

"அவன் சாவறப்ப நீ ஒண்டியா வச்சிக்கிட்டு இருந்தியா இத? அப்பறமும் இத்தினி வருஷமா?"

வள்ளி ஆமாம் என்று தலையாட்டினாள்.

"பாவி! பாவி மவளே!" தனம் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போடுவதில் எனக்கு இணையான ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே தானே குரலை அடக்கிக்கொண்டு, வள்ளியின் காதருகே குனிந்து சொன்னாள்: "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்த மாத்திர ஆவுமா ஆவாதான்னு கேட்டுட்டு வாங்கியிருப்பனேடி."

கட்டிலில் உட்கார்ந்தாள். வள்ளியின் கையைத் திரும்ப எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கறுத்த சுண்டுவிரலைத் தன் கைக்குள் பொத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஒரு அதட்டலோடு.

"ஏம்மா, நீ யாரா வேணா இருந்துக்க. இவளுக்கு வேற எதெல்லாம் ஆவாது? ஒண்ணு வுடாம சொல்லு. இனிமே மெடிக்கலுக்குப் போறது நான்தான்."